பேரு போனாலும் பல்லு போகலையே!

*சோழவரத்தில் ரேஸ் ஓட்டி, விழுந்து, இப்போது புதுப்பேட்டையில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் மெக்கானிக், ரேஸ் பைக் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.*

"165 சிசி பைக் ரேஸில், புதியவர்களுக்கான நோவிஸ் பிரிவில் ஒரு சீசன் முடித்துவிட்டேன். ஸ்பான்சர் கேட்டு நாற்பது கம்பெனிக்கு மெயில் போட்டேன். ஒருத்தரும் பதில் போடவில்லை. அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். என்னதான் செய்வது அண்ணே?"
– வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர், வயது 20

தம்பி, அந்த மெயிலையும் சேர்த்து அனுப்பியிருந்தாய், படித்தேன். முதல் பத்தியில் உன் கனவு. இரண்டாவதில் அப்பா படும் கஷ்டம். மூன்றாவதில் நாட்டுக்குப் பெருமை சேர்ப்பேன் என்ற சத்தியம். எவ்வளவு பணம் வேண்டும், எதற்கு வேண்டும், கொடுக்கிறவருக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. மண்டபம் பெயர் போடாத கல்யாணப் பத்திரிகை மாதிரி இருக்கிறது. வாழ்த்தலாம், வர முடியாது.

இன்னொன்று. பெரிய கம்பெனிகள் தனி ஆளுக்கு, அதுவும் நோவிஸுக்கு, காசு கொடுப்பது அபூர்வம். அவர்கள் பணம் போவது மொத்த சாம்பியன்ஷிப்புக்கு, இல்லையென்றால் சொந்த டீமுக்கு. தேசிய சாம்பியன்ஷிப்பின் பெயருக்கு முன்னால் பல சீசன் எம்ஆர்எஃப் பெயர் நின்றது. டிவிஎஸ் 1982-லிருந்து தன் ரேஸிங் டீமை நடத்துகிறது, 1994-லிருந்து, எல்லாரும் ஒரே கம்பெனி வண்டியில் ஓடுகிற ஒன் மேக் சாம்பியன்ஷிப்பும் நடத்துகிறது. ஒன் மேக்கில் சீட் கிடைத்தால் வண்டி அவர்களுடையது, கலர் அவர்களுடையது. உன் தெரு டயர் கடைக்காரர் ஸ்டிக்கருக்கு அங்கே இடம் கிடையாது. அதையும் தெரிந்துகொண்டுதான் கடைக்காரரிடம் வாக்குக் கொடுக்க வேண்டும்.

என் முதல் ஸ்பான்சர் யார் தெரியுமா? புதுப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்காரர். 1986, சோழவரம். யுத்த காலத்து விமான ஓடுதளம்தான் நமக்கு டிராக். என் ஆர்எக்ஸ் 100-க்குப் பின் ஸ்ப்ராக்கெட்டில், அதாவது செயின் சுற்றுகிற பல்சக்கரத்தில், இரண்டு பல் குறைத்து ஒன்று வேண்டியிருந்தது. கடையில் வாங்கக் காசில்லை. அவர் ராத்திரி ஒன்பது மணிக்கு ஷட்டரை இறக்கிவிட்டு எனக்காக ஒன்று கடைந்து கொடுத்தார். காசு வாங்கவில்லை. நன்றிக்கு, போர்டு எழுதுகிற ஆர்ட்டிஸ்ட்டைப் பிடித்துப் பட்டறைப் பெயரைப் பெட்ரோல் டேங்கில் எனாமலில் எழுத வைத்தேன். பெயின்ட் காயவில்லை. டிராக் ஓரத்துப் பிட்டில் பெட்ரோல் ஊற்றும்போது வழிந்து, பெயரில் கடைசி இரண்டு எழுத்து கரைந்து கால்சட்டையில் ஒட்டிக்கொண்டது. ரேஸ் முடிந்து தலையைச் சொறிந்துகொண்டு நின்றேன். அவர் குனிந்து ஸ்ப்ராக்கெட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, "பேரு போனாலும் பல்லு போகலையே!" என்றார். அதற்கப்புறம் மூன்று வருஷம் அவர் லேத்தில் நான் காசு கொடுத்ததில்லை.

அதனால் முதலில் காசு கேட்காதே, சாமான் கேள். வண்டி கீழே படுத்தால் என்னென்ன போகும் என்று உனக்கே தெரியும்: கிளட்ச் லீவர், ஃபுட்பெக், கியர் லீவர், ஹேண்டில் கிளிப். ஜி.பி. ரோட்டில் நீ வழக்கமாக வாங்குகிற கடையில் போய், "அண்ணே, இந்த சீசனுக்கு லீவர் ரெண்டு, பிரேக் பேட் ரெண்டு செட்" என்று கேட்டுப் பார். ஐம்பதாயிரம் கேட்டால் மூஞ்சியைத் திருப்புகிற மனுஷன், லீவருக்கு யோசிப்பார். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்கு வண்டி ஏற்றிப் போகக் குட்டியானை வைத்திருப்பவர் உன் தெருவிலேயே இருப்பார். போக வர வாடகை மிச்சம்.

திருப்பி என்ன கொடுப்பாய்? ரேஸுக்கு முந்தைய வாரம் சனிக்கிழமை வண்டியை அந்தக் கடை வாசலில் ஒரு மணி நேரம் நிறுத்து. ஹெட்லைட் கழற்றின, நம்பர் ஒட்டின வண்டியைப் பார்க்க நம் ஊரில் கூட்டம் சேராமல் இருக்காது. ஸ்டிக்கரை எங்கே ஒட்டுவது என்பதையும் யோசித்து ஒட்டு. நம்பர் போடும் இடத்தில் ஒட்டினால், ரேஸுக்கு முன் வண்டியைச் சோதிக்கிற ஸ்க்ரூட்டினியிலேயே கிழிக்கச் சொல்வார்கள். வளைவில் வண்டி சாயும்போது எடுக்கும் போட்டோவில் வண்டியை மூடுகிற ஃபேரிங்கின் மேல்பகுதியும் ஹெல்மெட்டும் தோளும் நன்றாக விழும். அடியில் இருக்கும் பெல்லி பான் பாதி நேரம் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். டெயிலில் ஒட்டினால் உன் பின்னால் வருகிறவன் மட்டும் படிப்பான். அதனால் பெரிதாக உதவினவருக்கு மேலே, குட்டியானைக்காரருக்குக் கீழே.

ரேஸ் முடிந்து செவ்வாய்க்கிழமைக்குள் ஒரு பக்கம் எழுதிக் கையில் கொண்டுபோய்க் கொடு. எத்தனையாவது வந்தாய், எந்த வளைவில் விழுந்தாய், அவர் கொடுத்த லீவர் எந்த லேப்பில் உடைந்தது, எல்லாம். விழுந்ததை மறைக்காதே. அடுத்த லீவர் அந்தக் காகிதத்தை வைத்துத்தான் கிடைக்கும்.

"பெரிய கம்பெனிகள் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) பணத்தை ஏன் இந்தப் பையன்களுக்குக் கொடுக்கக் கூடாது?"
– அம்பத்தூர் வாசகர்

ஆடிட்டர் நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதுகிறேன். 2013 கம்பெனிச் சட்டம், 135-வது பிரிவு. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இதில் ஏதாவது ஒன்றைத் தொட்ட கம்பெனி, முந்தைய மூன்று வருஷத்துச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். விளையாட்டுப் பயிற்சியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் 2021-ல் திருத்தின விதியில், தன் பொருளுக்கு விளம்பரப் பயன் தேடிச் செய்கிற ஸ்பான்சர்ஷிப் சிஎஸ்ஆரில் சேராது என்று எழுதிவிட்டார்கள். அதாவது ஃபேரிங்கில் லோகோ வேண்டும் என்றால் அது விளம்பரச் செலவு. போய்ப் பார்க்க வேண்டியது மார்க்கெட்டிங் ஆளை, சிஎஸ்ஆர் ஆளை அல்ல. பையன்கள் பாதிப் பேர் தப்பான கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஈசிஆரில் வீலிங் வீடியோ போடுகிறேன். ஐம்பதாயிரம் ஃபாலோயர்ஸ். ஸ்பான்சர் வருவார்களா?"
– பெயர் போடவில்லை

போலீஸ் வருவார்கள். அடுத்த கேள்வி.

"17 வயது மகனுக்கு ஸ்பான்சர் கிடைத்திருக்கிறதாம். ஒரு பேப்பரில் என் கையெழுத்துக் கேட்கிறான். போடலாமா?"
– தாம்பரத்திலிருந்து ஒரு தாய்

பேப்பர் இருக்கிறதே, அதற்கே சந்தோஷம் அம்மா. 90-களில் எனக்கு ஒரு கம்பெனி சீசனுக்கு அறுபதாயிரம் தருவதாக வாயால் சொன்னது. நம்பி, ஃபேரிங் முழுக்க அவர்கள் கலர் அடித்தேன். முதல் ரேஸில் செயின் அறுந்து நின்றேன். அதோடு போனையும் எடுக்கவில்லை, பணமும் வரவில்லை. பெயின்ட் செலவு இரண்டு தடவை, இரண்டும் என் காசு.

உங்கள் பேப்பரில் நாலு விஷயம் தேடுங்கள். பணம் எந்தத் தேதியில், எத்தனை தவணையில்? வண்டி யாருடையது, விழுந்து உடைந்தால் செலவு யாருடையது? பரிசுப் பணத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா? வேறு கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டக் கூடாது என்று எத்தனை வருஷத்துக்குக் கட்டிப்போடுகிறார்கள்? ஒரு சீசனுக்கு மேல் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். 17 வயதில் ஒரு வருஷம் என்பது நீளம்.

பேப்பரில் இல்லாத ஒன்றும் உண்டு. வீட்டு மெடிக்கல் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்து விதிவிலக்குப் பக்கத்தைப் படியுங்கள். தொழில்முறையாகச் சாகச விளையாட்டில் கலந்துகொண்டு அடிபட்டால் செலவு தரமாட்டோம் என்று இருக்கும். மோட்டார் ரேஸ் அந்த வரியில் பெயர் சொல்லியே வரும். ஸ்பான்சரிடம் ஸ்டிக்கர் சைஸ் பேசுவதற்கு முன்னால், ரேஸ் விபத்துக்கும் செல்லுபடியாகிற தனி பாலிசியின் பிரீமியத்தைக் கேட்கச் சொல்லுங்கள். தருகிறேன் என்றால் அதையும் எழுதி வாங்குங்கள். கையெழுத்தான பேப்பரில் ஒரு நகல் உங்கள் பீரோவில் இருக்கட்டும். அவன் பையில் வேண்டாம், செயின் ஆயில் கொட்டிவிடுவான்.