அரசியல் தலைவர்கள் நகைச்சுவை நிகழ்ச்சிகளுக்கு வரலாமா? நகரியிலிருந்து ஒரு பதில்

அரசியல் தலைவர்கள் தொலைக்காட்சியின் நகைச்சுவை, பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளில் கலந்துகொள்வது சரியா, அது பதவியின் மதிப்பைக் குறைக்காதா என்று கேட்டிருக்கிறீர்கள். வரலாம் என்பதே என் பதில். விருந்தினராக வரலாம், கேலிக்கு ஆளாகலாம், சங்கடமான கேள்விகளுக்கு முகம் கொடுக்கலாம். ஆனால் பதவியில் இருந்துகொண்டு, மதிப்பெண் போடும் நடுவராகவோ நிகழ்ச்சியை நடத்துபவராகவோ வாரம்தோறும் வந்து அமரக் கூடாது. பதவியின் மதிப்பைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. அந்த ஒரு மணி நேரத்தில் வாக்காளருக்கு என்ன தெரியவந்தது என்பதே என் கவலை.

என் ஊர் ஆந்திரத்தில் உள்ள நகரி. திருத்தணியைத் தாண்டித் திருப்பதி போகும் சாலையில் இருக்கிறது. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போனது, நாங்கள் ஆந்திரத்தில் நின்றுவிட்டோம். விசைத்தறிகள் நிறைந்த ஊர். வீட்டில் தமிழ், கடைத்தெருவிலும் அலுவலகத்திலும் தெலுங்கு. 2014, 2019 ஆகிய இரண்டு தேர்தல்களில் எங்கள் தொகுதி தேர்ந்தெடுத்தது நடிகை ரோஜாவை. அந்த ஆண்டுகளில் அவர் தெலுங்குத் தொலைக்காட்சியான ஈடிவியின் 'ஜபர்தஸ்த்' நகைச்சுவை நிகழ்ச்சியில் நடுவராகவும் இருந்தார். அது 2013இல் தொடங்கிய நிகழ்ச்சி. வியாழன், வெள்ளி இரவுகளில் எங்கள் பக்கத்து வீடுகளில் அப்போது அதுதான் ஓடியது.

வெளியூர்க்காரர்கள் பலரும் கவனிக்காத ஒன்று இங்கே இருக்கிறது. எல்லையோரத் தமிழர்களில் மூத்தவர்கள் பலருக்குத் தெலுங்கு பேச வரும், படிக்க வராது. தெலுங்கு நாளிதழ் வாங்கினால் எழுத்து தெரியாது. தமிழ் நாளிதழ் வாங்கினால் அதில் சென்னைக் கோட்டையின் செய்தி பக்கம் பக்கமாக இருக்கும், எங்கள் சட்டமன்றத்தில் என்ன நடந்தது என்பது ஒரு மூலையில் நான்கு வரியாக வரும், அல்லது வராது. ஆகவே தங்கள் ஆட்சியாளர்களை அவர்கள் அறிவது காதாலும் கண்ணாலும்தான். அதிலும் செய்தி விவாதங்களின் தெலுங்கு வேகமானது, புத்தக மொழி கலந்தது. நகைச்சுவை நிகழ்ச்சியின் தெலுங்கோ சந்தைத் தெலுங்கு, யாருக்கும் புரியும். என் ஆயா சட்டமன்றக் கூட்டத்தொடரை ஒருமுறையும் பார்த்ததில்லை. ஆனால் எம்.எல்.ஏ. அந்த வாரம் உடுத்தியிருந்த புடவையின் கரை எப்படிப்பட்டது, அது கைத்தறியா விசைத்தறியா என்று திரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். நெசவாளி வீட்டுப் பெண்மணி, கண் அங்கேதான் போகும். "சிரித்த முகம், நம் பாஷையும் பேசுகிறது" என்பார். ரோஜா தமிழ்ப் படங்களில் நடித்தவர் என்பதால் அந்த நெருக்கம் இயல்பாகவே வந்தது.

அந்த நெருக்கத்தை நான் பொய் என்று சொல்லவில்லை. தலைவர் என்றால் மேடையின் உயரத்தில் இருப்பவர் என்று பழகிய ஒரு கிழவிக்கு, அவர் தன் வீட்டுக் கூடத்தில் சிரிப்பது ஒரு துணிவைத் தருகிறது. மனு எழுதிக்கொண்டு போய் நிற்கலாம் என்ற துணிவு அது. பொழுதுபோக்கு நிகழ்ச்சிகளுக்குத் தலைவர்கள் வரலாம் என்று நான் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

ஆனால் அறிந்த முகம் என்பது அறிந்த செயல் ஆகாது. செய்தித்தாள் படிக்கிறவருக்கு அந்தச் சிரிப்பு பத்துச் செய்திகளில் ஒன்று. படிக்க இயலாதவருக்கு அது ஒன்றே செய்தி. நூல் விலை ஏறியபோது சட்டமன்றத்தில் யார் என்ன பேசினார்கள், விசைத்தறிக்கான மின்கட்டணம் பற்றி யார் கேட்டார்கள் என்பதெல்லாம் அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை. நடுவர் இருக்கையின் தன்மையும் அப்படிப்பட்டது. அங்கே அமர்பவர் மற்றவர்களை மதிப்பிடுவார், அவரை மதிப்பிட அந்த அரங்கில் ஒருவரும் இல்லை. தவிர, இரட்டை அர்த்த வசனத்துக்கும் ஒருவரது உடலைக் கேலி செய்யும் துணுக்குக்கும் ஒரு மக்கள் பிரதிநிதி குலுங்கிச் சிரித்தால், அது வெறும் பார்வையாளரின் சிரிப்பாக நிற்பதில்லை, ஓர் ஒப்புதலாகவும் மாறிவிடுகிறது.

சட்டம் இதைத் தடுக்கவில்லை, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அரசமைப்புச் சட்டத்தின் 191ஆம் பிரிவு, வேலை விஷயத்தில் அரசின் கீழ் ஆதாயம் தரும் பதவி வகிப்பதைத்தான் தகுதியிழப்பாகச் சொல்கிறது. தனியார் தொலைக்காட்சியில் வாங்கும் சம்பளம் அதில் வராது. பஞ்சாபில் 2017இல் நவ்ஜோத் சிங் சித்து அமைச்சரான பிறகும் கபில் சர்மாவின் நகைச்சுவை நிகழ்ச்சியில் தொடர்வாரா என்ற சர்ச்சை எழுந்தபோது, சட்டப்படி தடையில்லை என்றே அரசின் தலைமை வழக்கறிஞர் கருத்துச் சொன்னார். எம்.எல்.ஏ., எம்.பி.க்கள் வழக்கறிஞர்களாகத் தொழில் செய்யலாம் என்று உச்ச நீதிமன்றமே 2018இல் கூறிவிட்டது. அப்படியிருக்க நடிகை மட்டும் ஏன் தன் தொழிலை விட வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், நானும் நெடுநாள் யோசித்திருக்கிறேன். வழக்கறிஞரான எம்.எல்.ஏ. நீதிமன்றத்தில் வாதிடுவதால் அவருக்குத் தொகுதியில் ஒரு வாக்கும் கூடுவதில்லை. வாரம்தோறும் வீடு வீடாகப் போகும் முகத்துக்கு வாக்கு கூடும். எதிர்த்துப் போட்டியிடுபவர் எவ்வளவு செலவழித்தாலும் அந்த நேரத்தை வாங்க முடியாது. 2022 ஏப்ரலில் அமைச்சரானபோது ரோஜா ஜபர்தஸ்திலிருந்து விலகினார். சட்டம் கேட்காதபோதும் எடுத்த அந்த முடிவை நான் மதிக்கிறேன். எம்.எல்.ஏ. ஆகும் நாளிலேயே எல்லோரும் அதைச் செய்ய வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோள்.

விருந்தினராக வந்தாலும் கேட்பவர் யார் என்று பார்க்க வேண்டும். 2022 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு 'ஆஹா' இணையத் தளத்தின் 'அன்ஸ்டாப்பபிள்' பேட்டி நிகழ்ச்சிக்கு வந்தார். அப்போது அவர் எதிர்க்கட்சித் தலைவர். 2024 அக்டோபரில் முதல்வராக மறுபடியும் வந்தார். நடத்துபவர் நடிகர் பாலகிருஷ்ணா. அவர் நாயுடுவின் மைத்துனர், நாயுடுவின் மகன் லோகேஷின் மாமனார், தெலுங்கு தேசம் கட்சியின் இந்துப்பூர் எம்.எல்.ஏ. 2022 நிகழ்ச்சியில் 1995 ஆகஸ்ட் பற்றியும் பேச்சு வந்தது. முதல்வராக இருந்த தன் மாமனார் என்.டி.ராமராவை இறக்கிவிட்டு நாயுடு முதல்வரான அந்த நாட்கள் ஆந்திர அரசியலின் ஆறாத புண். அதைப் பற்றிப் பேச முன்வந்ததே பெரிது. எனினும் 1995இல் நாயுடுவின் பக்கம் நின்ற, என்.டி.ஆரின் மகனான பாலகிருஷ்ணாதான் அந்தப் பேச்சை நடத்தினார். என்.டி.ஆர். 1996 ஜனவரியில் இறந்துவிட்டார். அவர் தரப்பைச் சொல்ல அரங்கில் எவரும் இல்லை. எங்கள் வீட்டில் அதைப் பார்த்தவர்கள் கண் கலங்கினார்கள். கண் கலங்கியபின் எதிர்க்கேள்வி யாருக்கும் எழவில்லை, அதுதான் என்னை உறுத்தியது.

அமெரிக்காவில் இந்தப் பழக்கம் பழையது. 1968இல் ரிச்சர்ட் நிக்சன் அதிபர் வேட்பாளராக இருந்தபோது 'லாஃப்-இன்' நகைச்சுவை நிகழ்ச்சியில் சில நொடிகள் மட்டும் தோன்றி ஒரு வரி சொல்லிவிட்டுப் போனார். இறுகிய மனிதர் என்ற பெயர் சற்றுத் தளர்ந்தது. யாரும் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. 2014 மார்ச்சில் பராக் ஒபாமா ஓர் இணைய நகைச்சுவைப் பேட்டிக்குப் போனார். பேட்டி எடுத்தவர் அவரை முகத்துக்கு நேரே அவமதிப்பதுபோல் கேள்வி கேட்டார். எல்லாம் திட்டமிட்ட நகைச்சுவைதான். ஆனாலும் அவர் போன வேலை வெளிப்படையானது. மருத்துவக் காப்பீட்டில் சேர அந்த மாத இறுதிதான் கெடு, இளைஞர்கள் போதிய அளவில் சேரவில்லை, அவர்களைச் சேரச் சொல்லப் போனார். முகத்தைக் காட்டப் போவதற்கும் ஒரு செய்தியைச் சொல்லப் போவதற்கும் உள்ள தூரத்தை இந்த இருவரிடமும் காண்கிறேன்.

தமிழ்நாட்டு நண்பர்கள் கமல்ஹாசனைப் பற்றிக் கேட்பார்கள். 2017இல் பிக் பாஸ் நடத்தத் தொடங்கினார், 2018 பிப்ரவரியில் மக்கள் நீதி மய்யத்தைத் தொடங்கினார், அதன் பிறகும் பல ஆண்டுகள் நிகழ்ச்சியைத் தொடர்ந்தார். அவரது பேச்சும் அறிவும் எனக்குப் பிடிக்கும். ஆனால் வார இறுதியில் அவர் போட்டியாளர்களை விசாரிப்பார், அவரை விசாரிக்க அங்கே யாரும் கிடையாது. ரோஜாவுக்குச் சொன்னதையே அவருக்கும் சொல்கிறேன்.

விதி என்று ஒன்று வேண்டுமென்றால், அமெரிக்காவின் 1934ஆம் ஆண்டுத் தகவல் தொடர்புச் சட்டத்தின் 315ஆம் பிரிவைப் பாருங்கள். ஒளிபரப்பு நிலையம் ஒரு வேட்பாளருக்கு நேரம் கொடுத்தால் எதிர் வேட்பாளர்களுக்கும் அதே வாய்ப்பைத் தர வேண்டும். செய்திக்கும் செய்திப் பேட்டிக்கும் விலக்கு உண்டு. 2003இல் அர்னால்டு ஸ்வார்ஸ்நெகர் கலிபோர்னியா ஆளுநர் தேர்தலில் நின்றபோது இந்த விதிக்கு அஞ்சியே அங்குள்ள நிலையங்கள் அவரது படங்களைப் போடாமல் நிறுத்திவைத்தன. இங்கே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126ஆம் பிரிவு, வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் தேர்தல் பிரசாரத்தை ஒளிபரப்பத் தடை விதிக்கிறது. நகைச்சுவை நிகழ்ச்சியின் நடுவர் சிரித்துக் கைதட்டுவதைப் பிரசாரம் என்று யாரும் கணக்கில் எடுப்பதில்லை. தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலிருந்தே வேட்பாளர் நடத்தும் அல்லது நடுவராக அமரும் நிகழ்ச்சிகளை நிறுத்திவைக்கத் தேர்தல் ஆணையம் உத்தரவிட வேண்டும். முன்பே பதிவு செய்துவிட்டோம் என்று தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடும். அப்படியே பத்திரமாக வைத்திருந்து, வாக்குப்பதிவு முடிந்த பிறகு ஒளிபரப்பட்டும்.