போட்டோவுக்குள்ள இருக்கற சீட்டு

கேள்வி: அக்கா கல்யாணம் 2019 பிப்ரவரில நடந்துச்சு. போன வாரம்தான் மாமா எல்லா போட்டோவையும் வாட்ஸப்ல அனுப்பினார், லேப்டாப்ல போட்டா எல்லாமே போன வாரத் தேதி காட்டுது, முகூர்த்தமும் ரிசப்ஷனும் கலந்துகிடக்கு. பழைய தேதி திரும்பக் கிடைக்குமா?
வாசகி, கும்பகோணம்

பதில்: உங்ககிட்ட இருக்கற காப்பில கிடைக்காதும்மா, ஆனா மாமா போன்ல ஒரிஜினல் இருந்தா கண்டிப்பா கிடைக்கும், அவர் அதை அழிக்கறதுக்குள்ள இன்னைக்கே கேட்டுடுங்க. கேமரா ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு எழுதி அதே ஃபைலுக்குள்ள முன்பக்கமா சொருகி வைக்குது, எக்ஸிஃப்னு பேரு, 1995லயே ஜப்பான்ல வந்தது. 2019:02:10 06:42:15 இப்படி நொடி வரைக்கும் நேரம் இருக்கும், எந்த கேமரா, ஃப்ளாஷ் அடிச்சுதா, லொகேஷன் ஆன்ல இருந்தா எந்த இடம், எல்லாம் அதுல உண்டு. வாட்ஸப்ல போட்டோவா அனுப்பினா படத்தைச் சுருக்கறப்ப இந்தச் சீட்டையும் கழட்டிடும். ஆண்ட்ராய்டுல ஃபைல் பேரைப் பாருங்க, ஐஎம்ஜி போட்டு ஒரு தேதி, அப்புறம் டபிள்யூஏ0007னு இருக்கும், அந்தத் தேதி வாட்ஸப்ல வந்த நாள், தாலி கட்டின நாள் இல்ல. மாமாகிட்ட டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்ல பென் டிரைவ்ல வாங்குங்க, சீட்டு அப்படியே வரும். எங்க அப்பா கூட இருந்த கடைசிப் பொங்கல் படங்களை நான் வாட்ஸப் காப்பி மட்டும் வச்சுக்கிட்டு ஒரிஜினலை விட்டுட்டேன், அதுல எது காலைல எடுத்தது எது சாயங்காலம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, அதான் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்.

கேள்வி: பழைய பைக்கை விக்கணும், வீட்டு வாசல்ல எடுத்த போட்டோவை ஈமெயில்ல அனுப்பினா எங்க வீடு எதுன்னு தெரிஞ்சிடுமா?
வாசகர், சேலம்

பதில்: கேமராவுக்கு லொகேஷன் அனுமதி குடுத்திருந்தா தெரியும், ஈமெயில்ல அட்டாச் பண்ற ஃபைல் பொதுவா சீட்டோடயே போகும். ஆண்டிவைரஸ் கம்பெனி ஆரம்பிச்ச ஜான் மெக்காஃபி 2012 டிசம்பர்ல பெலிஸ் நாட்டு போலீஸ் கண்ணுல படாம ஒளிஞ்சிருந்தப்ப, அவரைப் பேட்டி எடுக்கப் போன ஒரு பத்திரிகை ஐபோன்ல எடுத்த படத்தை இணையத்துல போட்டுது, அதுல இருந்த ஜிபிஎஸ் எண்ணை வச்சே ஆள் பக்கத்து நாடான குவாத்தமாலால இருக்கார்னு ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. நீங்க கேமரா செட்டிங்ஸ்ல லொகேஷனை ஆஃப் பண்ணிட்டு புதுசா ஒரு படம் எடுத்து அனுப்புங்க, அதோட பின்னாடி வீட்டு நம்பர் பலகை தெரியாம பார்த்துக்கோங்க, அதை எந்த செட்டிங்கும் மறைக்காது.