சினமன் ரோல் ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி வர என்ன செய்வது?

பட்டைப் பொடி, சர்க்கரை, வெண்ணெய் தடவிச் சுருட்டிச் சுடும் இந்த பன் "ஒரு தடவை பஞ்சு மாதிரி, அடுத்த தடவை கல் மாதிரி" வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் கப் கணக்கில்தான் மைதா எடுப்பீர்கள் என்று நினைக்கிறேன். தளர்வாகப் போட்டால் ஒரு கப் 120 கிராம், அழுத்தி அள்ளினால் 150. நாலு கப்பில் 120 கிராம் கூடிவிடும். முதலில் ஒரு தராசு வாங்குங்கள்.

எனக்குத் தராசு மட்டும் போதவில்லை. சென்னையில் வீட்டிலேயே ஆர்டர் எடுத்துச் செய்கிறேன். டிசம்பரில் அருமையாக வந்த அதே அளவில் மே மாதம் ஒரு பிறந்தநாளுக்கு 24 ரோல் செய்தேன். மாவு அளவுக்கு மீறி உப்பி, ஓவனில் வைத்ததும் அமுங்கி, வெண்ணெயும் சர்க்கரையும் தட்டில் ஓடிவிட்டன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்று ராத்திரியே மகனின் பழைய கணக்கு நோட்டில் எழுத உட்கார்ந்தேன். சமையலறைச் சூடு, பால் சூடு, பிசைந்து முடித்ததும் மாவின் சூடு, உப்ப ஆன நேரம், எல்லாம்.

சில மாதங்களில் நோட்டே காட்டிக்கொடுத்தது. 27 டிகிரி அறையில் மாவு இரட்டிப்பாக 80 நிமிடம். 34 டிகிரியில் 45 நிமிடம்கூட ஆகவில்லை. நானோ கடிகாரத்தைப் பார்த்து எல்லா நாளும் ஒன்றரை மணி நேரம் விட்டிருந்தேன்! இப்போது வெயில் காலத்தில் ஃப்ரிட்ஜ் பால்தான். பிசைந்த மாவு 26 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். 500 கிராம் மைதாவுக்கு 7 கிராம் போட்ட இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை 5 ஆக்கினேன். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள், இல்லையென்றால் எதனால் சரியானது என்றே தெரியாது. அப்புறம், ஓவனுக்குள் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். என் ஓடிஜி, அதாவது சின்ன மின்சார ஓவன், 180 என்று காட்டும்போது உள்ளே 200 இருந்தது.

"பாட்டி அளந்தா சமைத்தார்?" என்று யாராவது கேட்பார்கள். தினமும் இட்லி மாவு கரைத்த கை அது, மார்கழிக் குளிரில் மாவுப் பாத்திரத்தை அடுப்புப் பக்கம் நகர்த்தத் தெரிந்த கை. வாரம் இரண்டு தடவை ரோல் செய்கிற எனக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வரும்? நோட்டுதான்.

பட்டையையும் குறித்து வையுங்கள். கடையில் சும்மா பட்டை என்று கேட்டால் பெரும்பாலும் தடித்த காசியா வகையைத்தான் தருகிறார்கள், காரம் தூக்கலாக இருக்கும். சுருட்டு மாதிரி மெல்லிய அடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டைதான் நான் போடுவது. அது விலை அதிகம். இவ்வளவு செய்த பிறகும், "ஒரு ரோல் 90 ரூபாயா, பேக்கரியில் பன் 15தானே?" என்று கேட்கும்போது மனசு வலிக்கிறது. வெண்ணெய், பட்டை, கரண்ட் செலவு எல்லாம் அதே நோட்டில் தேதியோடு இருக்கிறது. கேட்பவர்களுக்கு அந்தப் பக்கத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறேன்.