புகையிலை வேரில் முடிச்சு: கேள்வி பதில்

கேள்வி (வேடசந்தூர்): ஐயா, புகையிலைக் கொல்லையில் திட்டுத் திட்டாகச் செடி குன்றி நிற்கிறது. உச்சிவெயிலில் துவண்டு சாயங்காலம் நிமிர்கிறது. பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு. கடலை வேரிலும் முடிச்சு உண்டே, அது நல்லதுதானே?

பதில்: கடலையில் இருப்பது வேறு. அது வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரலால் தேய்த்தால் உதிரும். புகையிலையில் வேரே வீங்கியிருக்கும். முடிச்சைப் பிய்த்தால் வேரும் அறும். உள்ளே இருப்பது வேர்முடிச்சு நூற்புழு. ஒரு தாய்ப்புழு சில நூறு முட்டையிடும். நம் பக்கத்து வெக்கையில் சுமார் ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தயார். இந்தப் போகத்தில் முழுதாக மீட்க முடியாது. ஆனால் இலை வெட்டியதும் கட்டையை அப்படியே விட்டுவிடுகிறீர்களே, அதுதான் வினை. கட்டை தழைக்கும்வரை புழுவுக்குப் பந்தி நடக்கும். வேரோடு பிடுங்கி, காயவைத்து, எரித்துவிடுங்கள். சித்திரை வெயிலில் ஆழ உழுது மண்ணைப் புரட்டிக் காயப்போடுங்கள்.

கேள்வி: தெரிந்தவர் வீட்டில் பழைய ஃபோரேட் பூச்சிமருந்துக் குருணை இருக்கிறது. போடலாமா?

பதில்: கூடாது. 2020 டிசம்பர் 31 முதல் அதற்குத் தடை. கொடிய விஷம்.

கேள்வி (அய்யலூர்): அடுத்து தக்காளி போடலாமா?

பதில்: சந்தை பக்கத்தில் இருப்பதால் ஆசை வரும்; புரிகிறது. ஆனால் தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டை எல்லாமே அந்தப் புழுவுக்கு விருந்துதான். எள்ளோ கடலையோ விதையுங்கள். என்னைக் கேட்டால் கேந்தி, அதாவது செண்டுமல்லி. அதன் வேர் நூற்புழுவை ஒடுக்கும். பூ மாட்டுத்தாவணிச் சந்தையில் விலைபோகும்.

கேள்வி: எனக்கு முடிச்சு இல்லை. அடித்தண்டு கறுத்துச் செடி சாகிறது.

பதில்: தண்டை நெடுக்காகப் பிளந்து பாருங்கள். உள்சோறு காய்ந்து தட்டுத் தட்டாகப் பிரிந்திருந்தால் கருந்தண்டு நோய். இது பூசண வகை, தண்ணீரோடு பரவும். நோய் கண்ட பாத்தித் தண்ணீரை அடுத்த பாத்திக்கு விடாதீர்கள். செத்த செடியை வாய்க்காலில் எறியாதீர்கள்.

கேள்வி: அண்ணா, நாற்றங்காலில் நாற்று மடிந்து விழுகிறதே?

பதில்: நெருக்கி விதைத்து, தண்ணீர் தேங்கவும் விட்டிருப்பீர்கள். மேட்டுப்பாத்தி போடுங்கள். நாற்று அழுகினால் 1 சதவீத போர்டோக் கலவை: 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ. நோய்ப் பூசணத்தை அடக்கும் டிரைக்கோடெர்மா இட்ட பாத்தியில் இதை உடனே ஊற்றினால் அந்த நல்ல பூசணமும் சாகும். அடுத்த கோடையில் பாத்தியை நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் தாளால் நான்கிலிருந்து ஆறு வாரம் மூடிவையுங்கள். கறுப்புத் தாள் வேண்டாம். அதில் மண் அவ்வளவு சூடேறாது.