பேரனோடு வெளியே போக ஒரே இடம் போதும்

வணக்கம் அம்மா. மிருகக்காட்சி சாலை, பூங்கா, கடற்கரை மூன்றையும் ஒரே நாளில் இரண்டு வயதுப் பேரனுக்குக் காட்ட முடியுமா என்று கேட்டிருந்தீர்கள். போன முறை மதியத்துக்குள் அழுது தீர்த்துவிட்டான் என்றும், உங்களுக்கு முழங்கால் வலி என்றும் எழுதியிருந்தீர்கள்.

ஒரே இடம் போதும். என்னைக் கேட்டால் பூங்காதான். அந்த வயதில் யானையும் அதிசயம், எறும்பும் அதிசயம். எறும்பு வரிசை பக்கத்திலேயே அவன் அரை மணி நேரம் உட்கார்ந்தாலும் உட்காரட்டும். "வா, அங்கே பார்" என்று இழுக்க வேண்டாம். உங்கள் முழங்காலுக்கும் அந்த வேகம்தான் ஒத்துவரும்.

போன முறை அழுததற்கு அநேகமாகத் தூக்கம்தான் காரணம். இந்த வயதில் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளுக்கு 11 முதல் 14 மணி நேரம் தூங்க வேண்டும். காலையிலேயே கிளம்பி, அவன் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்கு முன்பே திரும்பிவிடுங்கள். உச்சி வெயிலுக்கும் தப்பிக்கலாம். மாற்றுத்துணி, தண்ணீர், தொப்பி இருந்தால் போதும், பெரிய மூட்டை வேண்டாம்.

கடற்கரையை இன்னொரு நாளைக்கு வையுங்கள். கொஞ்சத் தண்ணீர்கூடச் சின்னக் குழந்தைக்கு ஆபத்துதான். யாராவது ஒருவர், கைபேசியைக்கூட எடுக்காமல், கைக்கெட்டும் தூரத்திலேயே நிற்க வேண்டும்.

அப்புறம், மகளிடமும் மாப்பிள்ளையிடமும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்: ஓடிப் பிடிப்பது அவர்கள் வேலை, நிழலில் உட்கார்ந்து கதை சொல்வது உங்கள் வேலை. இதில் கூச்சமே வேண்டாம்.