காட்டை வெட்டப் போனவர்கள் எழுதிய புத்தகங்கள்

கேள்வி இதுதான்: மனிதனுக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைச் சொல்லும் புத்தகங்களில் எதைப் படிக்கலாம், முடிந்தால் தமிழில் கிடைப்பதாக இருக்கட்டும்.

என் ருசி என்ன என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஒத்துவராதவர்கள் அடுத்த பதிலுக்குப் போய்விடலாம். அருவி கொட்டுகிறது, பனி இறங்குகிறது, மனசு லேசாகிறது என்று பக்கம் பக்கமாக உருகுகிற புத்தகம் எனக்கு இருபது பக்கத்துக்கு மேல் ஓடாது. லீவுக்குப் போய்வந்தவர் எழுதியது என்று வாசனையிலேயே தெரிந்துவிடும். நான் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பதெல்லாம் பிழைப்புக்காக அங்கே போனவர்கள் எழுதியது. அதிலும் காட்டை அளக்க, பங்கு போட, வெட்ட, சுட என்று போய், போன இடத்தில் அந்தக் காட்டிடமே மனசைப் பறிகொடுத்துவிட்டு, ஆனாலும் வந்த வேலையை விடாமல் செய்து முடித்தவர்கள் எழுதியது. கொஞ்சம் விபரீதமான ருசிதான்.

அந்த வரிசையில் எனக்கு முதலில் நிற்பது 'பதேர் பாஞ்சாலி' எழுதிய விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் 'ஆரண்யக்'. 1939இல் புத்தகமாக வந்த வங்க நாவல், த. நா. சேனாபதி அதை 'வனவாசி' என்று தமிழில் கொண்டுவந்திருக்கிறார். கதை சொல்லும் சத்யசரண் கல்கத்தாவில் படித்துவிட்டு வேலை கிடைக்காமல், தங்கியிருக்கும் மெஸ்ஸில் பாக்கி வைத்துக்கொண்டு திரிகிறவன். நண்பனின் குடும்பத்துக்குப் பீகாரில் பெரிய ஜமீன் நிலம் இருக்கிறது, அங்கே மேனேஜராகப் போகிறான். வேலை என்னவென்றால், காடாகக் கிடக்கும் நிலத்தைப் பிரித்துக் குடியானவர்களுக்குக் குத்தகைக்கு விடுவது. காடு அழிந்து வயலானால்தான் முதலாளிக்கு வருமானம். விபூதிபூஷணே 1920களில் பாகல்பூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் இந்த மாதிரி வேலை பார்த்தவர், அதனால்தான் நாவலில் கச்சேரிக் (ஜமீன் அலுவலகக்) கணக்கும் காட்டுப் பூவும் ஒரே பக்கத்தில் வருகின்றன.

போன புதிதில் சத்யசரணுக்கு அந்த இடம் பிடிக்கவே இல்லை. பேச ஆளில்லை, கல்கத்தாவுக்கு ஓடிவிடலாமா என்று தவிக்கிறான். கச்சேரியில் இருக்கும் பழைய ஆள் ஒருவர் சொல்கிறார், கொஞ்ச நாள் பொறுங்கள், காடு உங்களைப் பிடித்துக்கொள்ளும் என்று. அப்படியே பிடித்துக்கொள்கிறது. பிறகு வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொரு விதம். யுகல்பிரசாத் என்று ஒருவன், எங்கெங்கோ கிடைக்கும் செடிகொடிகளின் விதையையும் கிழங்கையும் கொண்டுவந்து சரஸ்வதி குண்டி என்ற ஏரிக்கரைக் காட்டில் யாருக்கும் சொல்லாமல் நடுகிறான். அவனுடைய நிலமும் இல்லை, பைசா லாபமும் இல்லை. மேனேஜருக்கு விஷயம் தெரிந்ததும் அவரும் கூட்டுச் சேர்ந்துகொள்கிறார்! பகலில் காட்டைக் குத்தகைக்கு எழுதிக் கொடுக்கிறவர்கள்தான் இரண்டு பேரும்.

இந்த நாவல் ஏழ்மையை மறைக்காது, இயற்கையைப் புகழும் பல புத்தகங்கள் அங்கேதான் சறுக்கும். அங்குள்ள ஜனங்களுக்குச் சோறு என்பது விசேஷத்துக்குக்கூடக் கிடைக்காத பொருள். கச்சேரியில் ஒரு விருந்து, புல்லரிசி மாதிரி ஒரு தானியம், புளித்த தயிர், வெல்லம், அவ்வளவுதான் சாப்பாடு. அதற்காகக் கூப்பிடாமலே எங்கிருந்தோ நடந்து வந்து, கொட்டுகிற மழையில் முற்றத்தில் உட்கார்ந்து, நனைந்துகொண்டே சாப்பிடுகிறார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு நிலம் வேண்டும் என்றால் வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது? நிலாவில் காடு எவ்வளவு அழகு என்று எழுதுகிற அதே மனிதனுக்கு இதுவும் தெரிந்திருக்கிறது. சரஸ்வதி குண்டியை மட்டும் எவ்வளவு நாள் முடியுமோ அவ்வளவு நாள் யாருக்கும் விடாமல் இழுத்தடிக்கிறான், கடைசியில் அதையும் விட வேண்டியதாகிறது.

ஒரு இடத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். காட்டு எருமைகளுக்கு டாண்டுபாரோ என்று ஒரு தெய்வம். குழி வெட்டி மூடிவைத்து எருமை பிடிக்க ஆட்கள் காத்திருந்த ராத்திரியில், கூட்டம் குழியை நெருங்கும்போது கறுப்பாக நெட்டையாக ஓர் உருவம் கையைத் தூக்கித் தடுத்து நின்றதாகவும் எருமைகள் சிதறி ஓடிவிட்டதாகவும் ஒருவர் கதை சொல்கிறார். சத்யசரண் நம்பினானோ இல்லையோ, கேட்டுக்கொள்கிறான். வெகுகாலம் கழித்துக் கல்கத்தாத் தெருவில் ஒரு வண்டிக்காரன் எருமையைச் சவுக்கால் வெளுத்து வாங்குவதைப் பார்க்கிறான், இங்கே இதைக் காப்பாற்ற எந்த டாண்டுபாரோ வருவான் என்று நினைத்துக்கொள்கிறான். இரண்டு மூன்று வரிதான். ஆனால் அந்த ஊர்த் தெய்வத்தை அவன் எவ்வளவு தூரம் உள்ளே வாங்கிக்கொண்டிருக்கிறான் என்பது அங்கேதான் தெரியும்.

அடுத்தது 'தெர்சு உசாலா'. விளாதிமிர் அர்சேனியெவ் என்ற ரஷ்ய ராணுவ அதிகாரி எழுதியது, 1923இல் வந்தது. ஜார் காலத்தில், ரஷ்யாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் உசூரி டைகா காட்டை அளந்து வரைபடம் போடுவது அவருக்கு இட்ட வேலை. வரைபடம் வந்துவிட்டால் பின்னாலேயே ரயில், குடியேற்றம், மரவெட்டு எல்லாம் வரும், அது அவருக்கும் தெரியாமல் இல்லை. வழியில் தெர்சு என்ற, அந்தப் பக்கத்து நானாய் பழங்குடியைச் சேர்ந்த வேட்டைக்காரர் அறிமுகமாகி வழிகாட்டியாகிறார். தெர்சுவுக்குப் புலி, பன்றி, காகம், நெருப்பு, தண்ணீர் எல்லாமே 'ஆள்'தான், அடுப்பில் விறகு சடசடத்தால் அதைத் திட்டுவார். வேடிக்கையான கிழவர் என்றுதான் சிப்பாய்கள் முதலில் நினைக்கிறார்கள். அப்புறம் ஒரு காலிக் குடிசையில் தங்கிவிட்டுக் கிளம்பும்போது, அவர் கூரையை மரப்பட்டையால் சரி செய்து, விறகு வெட்டி அடுக்கி, கொஞ்சம் அரிசியும் உப்பும் தீப்பெட்டியும் கேட்டு வாங்கி உள்ளே வைக்கிறார். திரும்பி வரப்போகிறீர்களா என்று கேட்டால் இல்லை, வேறு யாராவது வருவார்கள், பசியோடு வருவார்கள் என்கிறார். யாரென்றே தெரியாத ஒருவனுக்கு. இதைப் படித்த பிறகு உறவு என்பதை விளக்க எனக்கு வேறு எந்தத் தத்துவமும் தேவைப்படவில்லை.

பார்வை மங்கி வேட்டையாட முடியாமல் போனதும் அர்சேனியெவ் அவரைக் கபரோவ்ஸ்க் நகரத்தில் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே தண்ணீரும் விறகும் காசுக்கு விற்பதைத் தெர்சுவால் ஜீரணிக்கவே முடியவில்லை. பூங்காவில் மரம் வெட்டப் போய்ப் பிடிபடுகிறார். காட்டுக்கே திரும்பப் புறப்பட்ட வழியில் 1908இல் கொலை செய்யப்படுகிறார். அகிரா குரோசாவா இதை 1975இல் படமாக எடுத்து ஆஸ்கர் வாங்கினார், நல்ல படம்தான், ஆனாலும் புத்தகத்தை முதலில் படியுங்கள். நடந்த நடை, மழை, கொசு எல்லாம் சலிக்கச் சலிக்க இருக்கும், அந்தச் சலிப்பும் சேர்ந்துதான் புத்தகம். ஆங்கிலத்தில் 'தெர்சு தி டிராப்பர்' என்று தேடினால் கிடைக்கும்.

ஜிம் கார்பெட்டைப் பெரும்பாலானவர்கள் சின்ன வயசில் சாகசக் கதையாகப் படித்துவிட்டு மறந்திருப்போம். ஆட்கொல்லிப் புலிகளை வேட்டையாடிய அவர் எழுதி 1944இல் வந்த புத்தகம் தி. ஜ. ர. மொழிபெயர்ப்பில் 'குமாயுன் புலிகள்' என்று தமிழில் இருக்கிறது, பெரியவரான பிறகு ஒருமுறை படித்துப் பாருங்கள். 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907இல் சுட்டு வீழ்த்திய பிறகு அவர் முதலில் பார்ப்பது அதன் வாயை. வலப்பக்கக் கோரைப் பற்கள் மேலும் கீழும் உடைந்திருக்கின்றன, என்றோ ஒருவன் சுட்ட குண்டு. அதனால் அதன் வழக்கமான இரையை அடிக்க முடியாமல் போய் மனிதனிடம் வந்திருக்கிறது. இன்னொன்று, அந்த வேட்டைக்கு ஒப்புக்கொள்ளும்போதே, புலியின் தலைக்கு வைத்த பரிசை ரத்து செய்ய வேண்டும் என்று நிபந்தனை போட்டவர் அவர்.

அமெரிக்காவின் ஆல்டோ லியோபோல்டும் இந்த ஜாதிதான். வனத்துறையில் வேலை பார்த்த இளம் வயதில், ஓநாய் குறைந்தால் மான் பெருகும் என்று நம்பி ஓநாயைச் சுட்டவர். சாகிற ஓநாயின் கண்ணில் அணைந்துகொண்டிருந்த பச்சை நெருப்பைப் பார்த்ததையும், பின்னால் ஓநாயில்லாத மலைகளை மான்கள் மொட்டையடித்ததையும் 'எ சாண்ட் கவுண்டி அல்மனாக்' புத்தகத்தில் ஒரு சின்னக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். 1949இல், அவர் இறந்த மறு வருஷம் வந்தது. அந்த ஒரு கட்டுரைக்காகவே வாங்கலாம். மற்றவற்றில் சில எனக்குக் கொஞ்சம் பிரசங்கமாகப் படுகின்றன.

தமிழிலேயே எழுதப்பட்டதில் இதே ரகம் நக்கீரனின் 'காடோடி'. போர்னியோ மழைக்காட்டில் மரம் வெட்டும் கம்பெனிக்கு வேலைக்குப் போகும் தமிழன் சொல்லும் கதை. இதைப் படிக்கும்போது எனக்குக் கை நடுங்கியது என்று சொன்னால் மிகை என்பீர்கள், ஆனால் காரணம் இருக்கிறது. நான் பார்ப்பது சாலை அகலப்படுத்தும் வேலை. ஓரத்து மரங்களில் நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி அளவெடுத்து, பட்டையைக் கொஞ்சம் செதுக்கி, பெயின்டில் எண் போட்டுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். புளியமரத்தில் எண் போடுவது கஷ்டம், பட்டை வெடித்து வெடித்து இருப்பதால் பிரஷ் ஓடாது, எட்டு மூன்று மாதிரி ஆகிவிடும். ஒரு தடவை எழுதிக்கொண்டிருக்கும்போது, அந்த வருஷம் புளி ஏலம் எடுத்தவர் பக்கத்தில் வந்து நின்று, சார், இந்த மரம் மட்டும் பழம் இனிக்கும், இதுக்கு எப்பன்னு கேட்டார். எப்போது வெட்டுவீர்கள் என்று அர்த்தம். அவ்வளவுதான், சண்டையெல்லாம் போடவில்லை. 'காடோடி'யில் மரத்தைக் கனஅடிக் கணக்காகப் பார்க்கப் பழகிய கண், அதே மரத்தைக் கூடு, நிழல், பெயர் என்று மெல்லப் பார்க்கத் தொடங்கும் பகுதிகள் இருக்கின்றன. அந்த வேலையில் இருந்தவர்களுக்குத்தான் அது எவ்வளவு மெதுவாக நடக்கும் என்று தெரியும். ஆங்காங்கே தகவல் அதிகம், பாத்திரங்கள் பாடம் எடுப்பது போலப் பேசுவார்கள். பொறுத்துக்கொள்ளலாம்.

காடே வேண்டாம், ஊர் வேண்டும் என்றால் சோ. தர்மனின் 'சூல்'. 2019இல் சாகித்ய அகாதெமி விருது வாங்கியது. கோவில்பட்டிப் பக்கத்து உருளைக்குடி, அதன் கண்மாய், அதைச் சுற்றி வாழும் ஜனங்கள். கண்மாயை மராமத்து செய்வதும் கரம்பை (வண்டல் மண்) அள்ளி வண்டி வண்டியாக நிலத்துக்கு அடிப்பதும் மடை திறக்கும் முறையும் வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சியின் அதிகாரமும் என்று, தண்ணீரைப் பங்கு போட ஒரு ஊர் எத்தனை விதிகளை மனப்பாடமாக வைத்திருந்தது என்பதை வேறு எந்த நாவலும் இவ்வளவு விவரமாகச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு கண்மாய் அரசாங்கத்தின் கைக்குப் போகிறது, பிறகு நடப்பது நமக்குத் தெரிந்த கதைதான். பழைய காலத்தை ரொம்பவே நல்லதாகக் காட்டுகிறார் என்று ஒரு குறை எனக்குண்டு.

கடல் வேண்டும் என்பவர்களுக்கு வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்'. சின்ன நாவல், லாஞ்சு என்கிற மோட்டார் படகுக்காரர்களுக்கும் வல்லம் என்கிற நாட்டுப்படகுக்காரர்களுக்கும் இடையில் மூளும் பகைதான் பின்னணி, ஒரே மூச்சில் முடித்துவிடலாம். ஜெயமோகனின் 'யானை டாக்டர்' இணையத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. காட்டில் வீசிய பீர் பாட்டில் யானையின் காலுக்குள் போவதைப் படித்த பிறகு, மலைக்குப் பிக்னிக் போகும் கூட்டத்தைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும். அதை நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள், அதனால் நீட்டவில்லை.

நான் சொன்ன ரகத்துக்குள் அடங்காத ஒருவரையும் சேர்த்துக்கொள்கிறேன், மா. கிருஷ்ணன். எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். சந்தூர் சமஸ்தானத்தில் வாத்தியார், நீதிபதி, ராஜாவின் செயலாளர் என்று பல வேலை பார்த்துவிட்டு, சமஸ்தானம் போனதும் சென்னைக்கு வந்து எழுத்தையும் காமிராவையுமே பிழைப்பாக்கிக்கொண்டவர். 'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் சாகும்வரை எழுதினார். தமிழ்க் கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்' என்று கொண்டுவந்தார். காகம், குயில் என்று நம் வீட்டைச் சுற்றித் திரிவதைப் பற்றித்தான் நிறைய எழுதுவார், குரலில் ஒரு சிடுசிடுப்பு இருக்கும், உருகலே கிடையாது. அதனால்தான் எனக்குப் பிடிக்கும்.

சங்க இலக்கியம் எங்கே என்று கமென்ட்டில் யாராவது கேட்பீர்கள். அது தனிப் பதிலாக எழுத வேண்டிய விஷயம். இப்போதைக்கு நற்றிணை 172ஐ மட்டும் உரையோடு படித்துவிடுங்கள். தாங்கள் விளையாட்டாக விதையைப் புதைத்து, முளைத்ததும் நெய்யும் பாலும் ஊற்றி வளர்த்த புன்னையை, உங்களைவிடச் சிறந்தவள், உங்கள் சகோதரி என்று அம்மா சொல்லியிருப்பதால், அந்த நிழலில் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறது என்கிறாள் தலைவியின் தோழி.

எதில் தொடங்குவது என்றால், நேரம் குறைவாக உள்ளவர்கள் 'யானை டாக்டர்', பொறுமை இருப்பவர்கள் 'வனவாசி'. 'வனவாசி' கடையில் கிடைக்காவிட்டால் மாவட்ட மைய நூலகத்தில் மொழிபெயர்ப்பு நாவல் அலமாரியில் தேடுங்கள், விபூதிபூஷண் என்று கேட்டால் சில இடங்களில் 'பதேர் பாஞ்சாலி'யை எடுத்து நீட்டுவார்கள், த. நா. சேனாபதி என்று மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துச் சொல்லிக் கேளுங்கள்.