அந்த ஃபேனை முதலில் சரி செய்யுங்கள்

கேள்வி: திருப்பூரில் 28 மெஷின் போட்டு பனியன் கம்பெனி நடத்துகிறோம். எக்ஸ்போர்ட்காரர்களுக்கு ஜாப் ஒர்க் செய்கிறோம். மொத்தம் 45 பேர். அதில் பாதிப்பேர் ஒடிசா, பீகார் பக்கத்திலிருந்து வந்தவர்கள். கணவருக்கு உடம்பு முடியாததால் இரண்டு வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். தப்பாகப் போய், பிரித்துத் திரும்பத் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸ் குறையவே மாட்டேன் என்கிறது. துணியும் வீணாகிறது, நேரமும் வீணாகிறது. ஒரு பயிற்சியாளரை வரவழைத்து இரண்டு நாள் ‘கைஸன்’ (வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீர்படுத்திக்கொண்டே போகும் ஜப்பான் முறை), ‘ஏழு வகை விரயம்’ என்று வகுப்பு நடத்தினோம். எல்லோரும் கை தட்டினார்கள், பிரியாணி சாப்பிட்டார்கள். திங்கட்கிழமை பழைய கதைதான். யோசனைப் பெட்டி ஒன்றும் வைத்தோம். நான்கு மாதத்தில் விழுந்தது மூன்றே சீட்டு: ‘மூணாவது லைன் ஃபேன் ஓடலை’, ‘தண்ணி டேங்க் கழுவணும்’, ‘டீ நல்லா இல்லை’. உருப்படியான யோசனை ஒன்றுகூட இல்லை. “இதெல்லாம் ஜப்பான்காரனுக்குத்தான் வரும்” என்கிறார் கணவர். தப்பான பீஸுக்குக் கூலியில் பிடித்தால் சரியாகுமா? இல்லை, இன்னும் பெரிய பயிற்சியாளராகப் பார்க்கட்டுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரிக்கு வணக்கம். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நான் தேடிய ஒரு வரி மட்டும் அதில் இல்லை. அந்த ஃபேன் இப்போது ஓடுகிறதா?

உருப்படியாக ஒன்றும் இல்லை என்று நீங்கள் ஒதுக்கிய மூன்று சீட்டும் என் கணக்கில் உருப்படியானவை. சித்திரை வெயிலில், தகர ஷீட்டுக்குக் கீழே, ஃபேன் ஓடாத இடத்தில் உட்கார்ந்து ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற மெஷின்) அடிக்கிற பெண்ணுக்கு மதியம் மூன்று மணிக்கு மேல் தையல் நேராகப் போகாது. உங்கள் ஆல்டர் பீஸில் ஒரு பங்கு அங்கேதான் பிறக்கிறது. சீட்டு எழுதியவர் விரயம் எங்கே இருக்கிறது என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். ‘விரயம்’ என்ற வார்த்தையைப் போடவில்லை, அவ்வளவுதான். அப்புறம் அவர் நான்கு மாதம் மேலே பார்த்துக்கொண்டே இருந்திருப்பார். மற்ற 44 பேரும் சேர்ந்துதான் பார்த்திருப்பார்கள். ஓடாத ஃபேனைப் பார்த்துவிட்டு யார் நாலாவது சீட்டு எழுதுவார்கள்? அதிலும் பாதிப்பேருக்குத் தமிழ் எழுதத் தெரியாது. பெட்டியின் மேல் ‘உங்கள் மேலான யோசனைகளை எழுதிப் போடவும்’ என்று தமிழில்தானே ஒட்டியிருக்கிறீர்கள்?

நான் உபதேசம் பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். இதைவிடப் பெரிய தப்பை நானே செய்திருக்கிறேன். கோவையில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசராக இருந்தபோது, டிரில்லிங் மெஷினில் நின்ற ஒரு தம்பி பழைய இரும்புத் துண்டுகளை வைத்துத் தானே ஒரு ஜிக் (ஓட்டை சரியான இடத்தில் விழும்படி பிடித்துக்கொள்ளும் சாதனம்) செய்தார். ஒரு மணி நேரத்தில் 20 ஓட்டை போட்டுக்கொண்டிருந்தவர் 32 போட ஆரம்பித்தார். எனக்கு ஒரே சந்தோஷம். மேலே சொன்னேன். மேலே இருந்தவர்கள் அடுத்த மாதமே பீஸ் ரேட்டைக் குறைத்தார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். அந்த ஜிக் மறுநாள் அவருடைய லாக்கருக்குள் போய்விட்டது. நைட் ஷிப்டில், நான் இல்லாத நேரம் பார்த்து வெளியே எடுத்து, வேலையைச் சீக்கிரம் முடித்துவிட்டுக் கொஞ்சம் தூங்குவார் என்று பின்னால்தான் தெரிந்தது. அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவருடைய மூளையை இலவசமாக எடுத்துக்கொண்டு அவர் கூலியையே வெட்டினோம்.

உங்கள் ஆட்களுக்கும் விரயம் எங்கே இருக்கிறது என்று தெரியும். உங்களைவிட, என்னைவிட நன்றாகத் தெரியும். சொன்னால் நமக்கு என்ன ஆகும் என்பதுதான் தெரியாது. ஆகவே பயிற்சி உங்களிடமிருந்து தொடங்க வேண்டும். இரண்டு வாக்கு கொடுங்கள்: வேலை சுலபமானதற்காக ரேட்டைக் குறைக்க மாட்டேன், ஆளையும் நிறுத்த மாட்டேன். காண்ட்ராக்டர் வழியாகக் கூலி போகிறது என்றால் அவரையும் பக்கத்தில் நிறுத்திவைத்துக்கொண்டு சொல்லுங்கள். இந்தியிலும் ஒடியாவிலும் யாரையாவது எடுத்துச் சொல்லச் சொல்லுங்கள். வாக்கைக் காப்பாற்ற முடியாது என்று தோன்றினால் இந்தப் பேச்சையே எடுக்காதீர்கள், பழையபடியே ஓடட்டும்.

ஜப்பான்காரருக்கும் இது பிறவியில் வந்ததில்லை. கைஸனுக்குப் பேர்போன டொயோட்டா கார் கம்பெனியில் 1950-ல் பெரிய தொழிலாளர் தகராறு நடந்தது. ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம், கடைசியில் கம்பெனியைக் கட்டி எழுப்பிய கீச்சிரோ டொயோடாவே பதவி விலக வேண்டியதாயிற்று. தொழிலாளர் யோசனைத் திட்டத்தை அவர்கள் தொடங்கியது அதற்கு அடுத்த ஆண்டு. நம் ஊரிலும் நடந்திருக்கிறது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு, தரத்துக்கான டெமிங் பரிசை ஜப்பானிலிருந்து 1998-லேயே வாங்கியது. கணவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லுங்கள், இது உங்கள் தொழிலுக்கே நெருக்கமானது. கார் கம்பெனிப் பாடம் பனியன் கம்பெனிக்கு எதற்கு என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பாடம் பிறந்ததே தறியில்தான். கீச்சிரோவின் அப்பா சகிச்சி டொயோடா தறி செய்தவர். 1924-ல் வந்த அவருடைய தானியங்கித் தறியில் நூல் அறுந்தால் தறி தானே நின்றுவிடும். தப்பான துணி ஒரு முழம்கூட ஓடாது. ஆள் பக்கத்திலேயே நின்று கண் கொட்டாமல் பார்க்க வேண்டியதில்லை, ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம். ஏழு வகை விரயத்தை வகுத்துச் சொன்ன டாயிச்சி ஓனோவும் 1932-ல் அந்தக் குடும்பத்தின் நூற்பாலையில்தான் வேலைக்குச் சேர்ந்தார். கார் பக்கம் அவர் வந்தது 1943-ல். நூல்காரர்கள் சொன்னதைத்தான் நீங்கள் கார்காரர்கள் பாடமாகக் கேட்டிருக்கிறீர்கள்.

அந்த ஏழையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஓனோ எல்லாவற்றிலும் மோசம் என்று சொன்னது ஒன்றைத்தான்: தேவைக்கு மேல், தேவைக்கு முன்னால் செய்து குவிப்பது. உங்கள் லைனில் அது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறேன். ஓவர்லாக்குக்கும், அடுத்து விளிம்பை மடித்துத் தைக்கிற பேட்லாக்குக்கும் நடுவில் கிடக்கிற குவியல்தான். ஓவர்லாக் அடிக்கிறவர் கை வேகம், பீஸ் ரேட் வேறு, அடித்துத் தள்ளிக்கொண்டே இருப்பார். பேட்லாக் மெஷின் இரண்டுதான் இருக்கும். குவியல் ஏறும். வேலை நன்றாக ஓடுகிறது என்று நமக்கும் பார்க்க நிறைவாக இருக்கும். கழுத்துப் பட்டி (ரிப்) கால் அங்குலம் ஏறிப் போயிருப்பது அந்தக் குவியலின் அடியில் கிடக்கும். செக்கிங் டேபிளுக்கு வரும்போது 300 பீஸ் தைத்து முடிந்திருக்கும். பிரிக்க ஓர் ஆள், திரும்பத் தைக்க ஓர் ஆள், கூடவே எக்ஸ்போர்ட்காரரின் போன்.

இதற்கு வகுப்பு வேண்டாம். ஒரே ஒரு லைனில் பண்டலைச் சின்னதாக்குங்கள். 60 பீஸ் கட்டுகிறீர்கள் என்றால் 12 ஆக்குங்கள். அடுத்த மெஷினில் இருப்பவர் கட்டை அவிழ்த்ததும் இரண்டு பீஸை மட்டும் விரித்துப் பார்க்கட்டும். தப்பு தெரிந்தால் கையைத் தூக்கட்டும், லைன் நிற்கட்டும். நூல் அறுந்து நின்ற தறி மாதிரிதான். முதல் வாரம் அடிக்கடி நிற்கும், உங்களுக்கு வயிற்றைக் கலக்கும். கையைத் தூக்கியவரை அன்றைக்கு நீங்கள் முறைத்துப் பார்த்துவிட்டால் எல்லாம் அதோடு சரி. நின்ற நேரத்துக்கு பீஸ் ரேட்காரர்களுக்கு என்ன கணக்கு என்பதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள், இல்லையென்றால் கையைத் தூக்குகிறவர் பக்கத்து மெஷின்காரரிடம் திட்டு வாங்குவார்.

அடுத்தது சாக்பீஸ். கட்டிங் மாஸ்டரிடம் நிறைய இருக்கும், ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். ஓனோ தன் ஆட்களைத் தரையில் வட்டம் போட்டு அதற்குள் நிறுத்திவைப்பாராம், மணிக்கணக்கில் வேடிக்கை பார்க்க. உங்களுக்கு அரை மணி நேரம் போதும். லைன் சூப்பர்வைசரோடு நின்று, ஒரு கைமடியை (டெய்லருக்கு எடுத்துக்கொடுக்கிற உதவியாளரை) மட்டும் பாருங்கள். நூலுக்கும் லேபிளுக்கும் எத்தனை முறை ஸ்டோருக்கு நடக்கிறார் என்று எண்ணுங்கள். ஸ்டோர் 25 மீட்டர் தள்ளி இருந்து, ஷிப்டுக்கு 30 முறை போய்வந்தால் ஒன்றரை கிலோமீட்டர். அவர் நடக்கிற நேரமெல்லாம் ஒரு டெய்லர் சும்மா உட்கார்ந்திருப்பார். எண்ணி முடித்ததும் நீங்கள் தீர்ப்புச் சொல்லாதீர்கள். “இதைக் குறைக்க என்ன பண்ணலாம்?” என்று அந்தக் கைமடியிடமே கேளுங்கள். லைன் தலைப்பில் ஒரு டப்பா வைக்கலாம் என்று அவரே சொல்வார். அன்றைக்குச் சாயங்காலமே அந்த டப்பா அங்கே இருக்க வேண்டும். மாதம் முழுக்க நடக்கிற வகுப்பைவிட அந்த டப்பா அதிகம் கற்றுக்கொடுக்கும்.

கூலியில் பிடிப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அபராதத்துக்குச் சட்டத்தில் வரம்பு இருக்கிறது என்பது ஒரு பக்கம். பிடிக்க ஆரம்பித்தால் தப்பு குறையாது, தப்பு பண்டலின் அடிக்குப் போகும் என்பதுதான் பெரிய விஷயம். அதற்குப் பதிலாக ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே போங்கள். ஓர் உதாரணம். சைடு தையல் விட்டு விட்டு விழுகிறது. ஏன்? ஊசி மழுங்கிவிட்டது. ஏன் மாற்றவில்லை? கேட்டால் கொடுக்க மாட்டார்கள். ஏன்? உடைந்த ஊசியின் துண்டுகள் முழுதும் கொண்டுவந்து, ரிஜிஸ்டரில் எழுதினால்தான் புது ஊசி. அது சரியான விதிதான், குழந்தைகள் போடுகிற துணியில் ஊசி முனை இருந்துவிடக் கூடாது. ஆனால் உடைந்ததற்கு விதி வைத்தவர்கள் மழுங்கியதற்கு ஒன்றும் வைக்கவில்லை. அதனால் உடைகிற வரைக்கும் மழுங்கின ஊசியிலேயே ஓட்டுகிறார்கள். ஏன் வைக்கவில்லை? ஊசி டப்பாவின் சாவி முதலாளியின் டிராயரில் இருக்கிறது, முதலாளி பேங்குக்குப் போயிருக்கிறார். ‘ஏன்’ என்று கேட்டுக்கொண்டே போனால் அது பெரும்பாலும் நம் மேஜைக்கு வந்துதான் நிற்கும். டெய்லரிடம் பத்து ரூபாய் பிடித்திருந்தால் அந்தச் சாவி டிராயரிலேயே கிடந்திருக்கும்.

கட்டிங் வேஸ்ட் பற்றி ஒரு வார்த்தை. வேஸ்ட் விற்ற காசை வரவு என்று எழுதி சந்தோஷப்படுகிற பழக்கம் நம் ஊரில் எல்லோரிடமும் உண்டு. அது வரவு இல்லை, துணியாக வந்த காசின் மிச்சம். விற்கும் முன் ஒரே ஒரு நாள் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, கட்டிங் மாஸ்டரோடு உட்கார்ந்து பிரித்துப் பாருங்கள். எது மார்க்கர் (வெட்டுவதற்கான வரைபடம்) இடைவெளியில் போனது, எது லேயர் (அடுக்கி விரித்த துணி) ஓரத்தில் போனது, எது தப்பாக வெட்டிப் போனது. ஓரம்தான் அதிகம் என்றால் லேயர் போடுகிற இருவரிடம் பேசுங்கள்.

புது ஆளுக்கு வேலை கற்றுக்கொடுக்கிற முறையையும் மாற்ற வேண்டும். பக்கத்தில் உட்காரவைத்து “பார்த்துக் கத்துக்கோ” என்பது நம் வழக்கம். இரண்டாம் உலகப் போர் சமயத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் வேலை தெரிந்தவர்கள் போர்முனைக்குப் போய்விட, தெரியாதவர்களுக்கு வேகமாகக் கற்றுக்கொடுக்க ஒரு முறையை வகுத்தார்கள். போருக்குப் பின் ஜப்பான் அதைப் பிடித்துக்கொண்டது. நாலே படிதான். முதலில் பயத்தைப் போக்கு. பின் ஒவ்வொரு அசைவாகச் செய்து காட்டி, எது முக்கியம், ஏன் முக்கியம் என்று சொல். பின் அவரைச் செய்யவிட்டு, செய்யும்போதே அவர் வாயால் சொல்லச் சொல். கடைசியில் தனியே விட்டு, அடிக்கடி போய்ப் பார். மூன்றாவது படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறோம். தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம். பாஷை தெரியாத பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார்கள். அவர்களுக்காகச் சுவரில் எழுத்து வேண்டாம். ஒரு நல்ல பீஸ், ஒரு தப்பான பீஸ், பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டு, தப்பு இருக்கும் இடத்தில் சிவப்பு நூல் கட்டுங்கள்.

தினமும் டீக்கு முன்னால் பத்து நிமிடம் அந்த லைன்காரர்கள் நின்று பேசட்டும், கூலி உள்ள நேரத்தில். நேற்று எத்தனை ஆல்டர், எதனால் என்பது மட்டும் பேச்சு. போர்டில் எண் இருக்கட்டும், ஆள் பெயர் வேண்டாம். அந்த லைன் நிலைக்கிற வரைக்கும் அடுத்த லைனைத் தொடாதீர்கள். இரண்டு மாதம் ஆனாலும் பரவாயில்லை.

பெரிய பயிற்சியாளர் இப்போது வேண்டாம். பிற்பாடு வேண்டும் என்றால் கைக்காசு முழுதும் போடாதீர்கள். சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் ‘லீன்’ திட்டம் 2023-ல் புதுப்பிக்கப்பட்டது. அதில் ஆலோசகர் செலவில் 90 சதவீதம் வரை அரசு ஏற்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) இருந்தால் விண்ணப்பிக்கலாம். வருகிறவர் ஏசி ரூமில் புரொஜெக்டர் கேட்டால் யோசியுங்கள், லைனில் நிற்க ஸ்டூல் கேட்டால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலில் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். டேங்க்கை ஞாயிற்றுக்கிழமை கழுவிவிடலாம். மூன்றாவது சீட்டுக்கு மட்டும் என்னிடம் உடனடி மருந்து இல்லை. ஆபீஸுக்கு வருகிற டீயை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் லைனில் நின்று அவர்கள் குடிக்கிற டீயையே குடித்துப் பாருங்கள்.